அடுப்படி வரைக்கும்

1

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அதனால் இதை இடது கைக் கட்டைவிரலால் செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் நான் சொல்லச் சொல்ல ஒருத்தி லேப்டாப்பில் அடித்துத் தந்தாள். இதை மட்டும் அவளிடம் சொல்லி அடிக்கச் சொல்ல முடியாது. இது அவளைப் பற்றியது, அதைவிட அதிகமாக என்னைப் பற்றியது.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அம்பாசமுத்திரத்தில் பிறந்து, கல்யாணமான கையோடு ஹைதராபாத்துக்கு வந்தவள் நான். கணவர் மத்திய அரசின் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதலில் மௌலா அலியில் வாடகை வீடு, பிறகு லோத்குண்டாவில் இந்த அடுக்குமாடி வீடு. பின்பக்க பால்கனியில் நின்றால் ராணுவத்தாரின் மதில் சுவரும் அதற்கு அந்தப் பக்கம் வேப்பமரங்களும் தெரியும். காலையில் சிப்பாய்கள் ஓடும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும்.

வந்த புதிதில் எனக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. இப்போது இரண்டும் தெரியும், தமிழ்தான் சந்தேகமாக இருக்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது தெருமுனைக் கடை அண்ணாச்சி பை வேணுமா என்று கேட்டார். நான் பாட்டுக்கு "நக்கோ" என்றேன். "அது நம்மகிட்ட வாறதில்லம்மா, பஜார்ல கேட்டுப் பாருங்க" என்றார். 'வேண்டாம்' என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். இதை என் மகள் அகிலாவிடம் சொல்லிச் சிரித்தேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் இந்த ஊரிலேயே பிறந்து, படித்து, இப்போது கொண்டாப்பூரில் தனிக்குடித்தனம் இருக்கிறாள். தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும், கோபம் வந்தால் தெலுங்கில் வரும். அவளைச் சொல்லி என்ன, வளர்த்தது நான்தானே.

2

எங்கள் தமிழ்ச் சங்கம் வருஷா வருஷம் ஒரு மலர் போடும். பாதி விளம்பரம், மீதி எங்கள் எழுத்து. நாம் அன்றாடம் பேசும் தொடர்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்று அதில் நான் ஒரு கட்டுரை எழுதுவேன். நான் பண்டிதை இல்லை. பழைய அகராதி ஒன்று, ஊர்ப்பேச்சு கொஞ்சம், தைரியம் நிறைய, அவ்வளவுதான். இருந்தாலும் சங்கத்தில் என்னைக் கண்டால் நாலு பேர் மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த வருஷம் பழக்கத்தைச் சொல்லும் தொடர்களை எடுத்துக்கொண்டேன். நகமும் சதையுமாய், தாயாய்ப் பிள்ளையாய், அத்துப்படி, தண்ணீர் பட்ட பாடு, பழகின தோஷம் என்று குறிப்பெல்லாம் எடுத்தாயிற்று. உட்கார்ந்து எழுதுவது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன்.

கணவர் நடக்கப் போயிருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தது பக்கத்து வீட்டு ஃபரீதா. ஈரத்தோடு கிடந்தவளைத் தூக்கி, துடைத்து, துணி மாற்றி, தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்து என்னைக் குளிப்பாட்டிவிட்டதும் அவள்தான். தலை துவட்டி, சிக்கெடுத்து, பின்னிவிடுவாள். சேலையைக் கொசுவம் வைத்துச் சொருகிவிடுவாள். மகளால் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடிந்தது. கணவருக்குச் சேலை கட்டத் தெரியாது. சமையலுக்கு வழி இருந்தது, சுடுசாதமும் ரசமும் அவர் ஒப்பேற்றிவிடுவார், குழம்பு எதிர்வீட்டிலிருந்து வந்துவிடும்.

"கட்டுரைக்கு என்னக்கா செய்யப் போறிய?" என்று ஒருநாள் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"என்ன செய்ய? இந்த வருஷம் இல்லைன்னு சொல்லிர வேண்டியதுதான்."

"நீங்க சொல்லுங்க, நான் அடிச்சுத் தாறேன். மத்தியானம் எனக்கு மீட்டிங் கிடையாது."

3

ஃபரீதா கடையநல்லூர்க்காரி. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். அவள் கணவர் சாதிக்கும் அதே மாதிரி வேலைதான், அவர் ஆபீஸ் போய்வருவார். அவர்கள் இங்கே வந்து சில வருஷங்கள் ஆகின்றன.

ஹைதராபாத்தில் அவளுக்கு ஒரு பாடு உண்டு. பெயரைக் கேட்டதும், முக்காட்டைப் பார்த்ததும், எல்லோரும் உருதுவில் ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்கோ ஒரு வார்த்தை தெரியாது. முகவரி மாற்ற வேண்டும் என்று ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனவள், அரை நாள் நின்றுவிட்டுத் திரும்பி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அன்றுதான் எங்களுக்குப் பழக்கம்.

மறுநாள் நான் கூடப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா என்னிடம் தெலுங்கிலும் அவளிடம் உருதுவிலுமாக மாறி மாறிப் பேசினார். "உருது கைக்கு நை ஆத்தா?" என்று அவளைக் கேட்டார். ஏன் வராது என்ற கேள்வி. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என் ஓட்டை இந்தியில், இவள் தமிழ்நாட்டுக்காரி, தமிழ்தான் தாய்மொழி, இவள் என் தங்கச்சி என்றேன். அவர் என் பொட்டையும் அவள் முக்காட்டையும் பார்த்துவிட்டு, கூடப் பிறந்த தங்கச்சியா என்று கேட்டார். நான் சளைக்காமல் "ஹவ்" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். அவர் சிரித்துவிட்டார், வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது.

இந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை. சங்கத்தில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், ஊருக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் உனக்குப் பெரிய மனசு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

அன்று மத்தியானம் ஹால் சோபாவில் அவள் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு நான். உள்ளே கணவர் படுத்திருந்தார்.

நான் பெரிய பேச்சாளர் கணக்காகச் சொல்ல ஆரம்பித்தேன். அத்துப்படி என்பதில் இருக்கும் அத்து என்றால் எல்லை. அரபியிலிருந்து உருது வழியாக வந்த 'ஹத்'தான் அது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிலத்துக்காரன் தன் நிலத்தை எல்லை வரைக்கும் தெரிந்து வைத்திருப்பான், அப்படி ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்திருப்பதைச் சொல்ல வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

"பரவால்லையே. எனக்கும் ஒரு உருது வார்த்தை தெரியும்னு இனிமே சொல்லிக்கலாம்" என்று ஃபரீதா சிரித்தாள்.

தண்ணீர் பட்ட பாட்டுக்கும் ஒரு விளக்கம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் ஒருவருக்கு ஒன்றைச் செய்துவிட்டு, பழகின தோஷம் என்று சலித்துக்கொள்கிறோமே, அதையும் சொன்னேன். கிரக தோஷம், திருஷ்டி தோஷம் வரிசையில் பழக்கத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவான் யாரோ என்று அடிக்கச் சொன்னேன். அவள் அடித்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"அடுத்து போடு பிள்ள. அடுப்படி வரைக்கும்."

"அது என்னக்கா?"

"'அவுங்க எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து போறவுங்க'ன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்கல்லா, அது."

பிறகு கட்டுரைக் குரலுக்கு மாறினேன். பழைய வீடுகளில் வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை இருந்தது. சிலர் தெருவோடு சரி. சிலர் முன்கட்டு, சிலர் இரண்டாம் கட்டு. யார் எதுவரைக்கும் வரலாம் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், ஆனால் வருகிறவர்களுக்குத் தெரியும், நிறுத்துகிறவர்களுக்கும் தெரியும். சோறு வேகிற இடத்துக்கு ஒருவர் வந்துவிட்டால் அவருக்கு மேற்கொண்டு தடை எதுவும் இல்லை. ஆகவே நெருக்கத்துக்கு அடுப்படியை அளவாக வைத்தார்கள்.

ஃபரீதா அடித்து முடித்துவிட்டு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எக்கா, உள்ள வர முடியாதவங்கதான் இந்தப் பேச்சை உண்டாக்கியிருப்பாங்க போல. உள்ளேயே இருக்கவங்களுக்கு அது வெறும் அடுப்படிதான?"

நல்ல யோசனை என்று பாராட்டினேன். அதையும் என் பெயரில் சேர்த்துக்கொண்டேன். "அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சுன்னும் போடு. ஒரு உதாரணம் குடு. 'பக்கத்து வீட்டு ஃபரீதா எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் பழக்கம்.'"

அவள் விரல்கள் நின்றன. "என் பேரையா போடச் சொல்லுதிய?"

"ஏன், போடக் கூடாதா?"

"இல்லக்கா. போடுதேன்."

போட்டாள். போட்டுவிட்டு ஒரு நிமிஷம் அந்த வரியைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, அதை நான் பார்த்தேன். லேப்டாப்பை மூடி சோபாவில் வைத்தாள்.

"பேசிப் பேசி உங்களுக்குத் தொண்ட கட்டிப்போச்சு. இருங்க, ஒரு டீ போட்டுட்டு வாறேன்" என்று எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தாள்.

"கேஸ் தீந்துபோச்சு பிள்ள" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. அவள் ஃபிரிட்ஜைத் தாண்டுவதற்குள் என் வாய் சொல்லிவிட்டது. அவள் நின்றாள், திரும்பினாள். "அப்படியா? ஏக்கா முன்னமே சொல்லல?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாள். ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதைக் குடிக்காமல் இருக்க என்ன சொல்லலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். இப்போது தட்டும்போதே உடம்பு கூசுகிறது.

வராந்தாவில் இரும்பு உருளும் சத்தம் கேட்டது. சாதிக் அன்று வீட்டில்தான் இருந்திருக்கிறார். ஒரு சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்தார், பின்னால் ஃபரீதா. "எங்ககிட்ட ஒண்ணு ஸ்பேரா சும்மா கெடக்குக்கா. உங்களுக்கு வந்ததும் திருப்பித் தாங்க, அவசரமில்ல."

சத்தத்தில் கணவர் எழுந்து வந்தார். "எதுக்கு சிலிண்டர்? திங்கக்கிழமைதான மாத்துனேன், ஃபுல்லா இருக்கே."

நான் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபரீதாதான் முதலில் பேசினாள். "அப்படியா அண்ணாச்சி? அக்கா மறந்திருப்பாவ. வலி மாத்திரை சாப்பிடுதாவல்லா, அது அப்படித்தான் மறதியாக்கும்."

எனக்காக அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். சாதிக் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிலிண்டரை மறுபடியும் சாய்த்து, வந்த வழியே உருட்டிக்கொண்டு போனார். ஃபரீதா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நாளைக்கு முடிக்கலாம் என்றாள். கணவருக்குப் புரிந்துவிட்டது. அவர் பேப்பரைத் தேடிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

5

எங்கள் வீடு சைவம், சாமி அலமாரி அடுப்படியில் இருக்கிறது, அதனால்தான் என்று முதலில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. எனக்குக் குழம்பு கொடுத்தனுப்பும் எதிர்வீட்டு சுஜாதாம்மா, ஞாயிறு தவறாமல் மீன் வாங்குகிறவர்தான். அவர் என் அடுப்படியில் நின்று பூரி பொரித்திருக்கிறார், என் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒருநாளும் நான் அவரைத் தடுத்ததில்லை.

பழியை மாமியார் மேல் போடலாம். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று, வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் ஃபரீதாவைப் பார்த்ததே கிடையாது. ஆக, இது நான் செய்தது. அவள் வந்தால் சோபாவில் உட்கார வைத்தது நான். நாங்கள் டம்ளரில் குடிக்கும்போது அவளுக்கு மட்டும் விருந்தாளிக் கப்பை எடுத்தது நான். அவள் வீட்டுக்குப் போனால் வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, இப்பத்தான் குடிச்சேன், இன்னைக்கு விரதம் என்று சொல்லிக்கொண்டிருந்ததும் நான். ஈர உடம்போடு அவள் கையில் கிடந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் என் அடுப்பைப் பற்ற வைப்பாள் என்றதும் பொய் வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அகிலா வந்தாள். சாப்பிடும்போது அவள் அப்பா சிலிண்டர் கதையைப் பாதி சிரிப்பாகச் சொன்னார். கட்டுரையில் எழுதிய வரியையும் சொன்னார்.

"அடுப்படின்னா கிச்சனா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தச் சொல்லே சந்தேகம். அவள் வீட்டில் ஹாலும் அடுப்படியும் ஒன்றுதான், நடுவில் சுவர் கிடையாது. யாரை எங்கே நிறுத்துவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

"கேஸ் தோ தா நா மம்மி? ஃபிர் கைக்கு ஐசா போலே?" என்றாள். கேஸ் இருந்ததே, பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிறாள்.

நான் இடது கை ஸ்பூனால் சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். பிறகு தமிழில், நிதானமாகக் கேட்டாள். "ஃபரீதா ஆன்ட்டி உன்னைக் குளிப்பாட்டலாம். கிச்சன் உள்ள வரக்கூடாதா?"

மகள் தமிழில் பேசவில்லையே என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அன்றைக்கு இந்தியிலேயே கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை ஃபரீதா எப்போதும் போல வந்தாள். எப்போதும் போலத் தலை வாரினாள். சிக்கெடுக்கும்போது வலிக்காமல் இருக்க முடியின் அடியைப் பிடித்துக்கொள்வாள், அன்றும் பிடித்துக்கொண்டாள். மிச்சத்தை என் குறிப்பைப் பார்த்துத் தானே முடித்து, கட்டுரையை அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்.

"கொஞ்சம் நீளமா இருந்துச்சுக்கா. அதனால அந்த உதாரணத்தை மட்டும் எடுத்துட்டேன்."

"சரி பிள்ள" என்றேன். பிறகு தேவைக்கு மேல் சத்தமாக, "போ, நீயே போய் ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டா. பால் ஃபிரிட்ஜ்ல இருக்கு" என்றேன்.

"வேண்டாம்க்கா, வேலை கெடக்கு" என்று சீப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். டீ வேண்டாம் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

6

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நானே அவள் வீட்டு மணியை அடித்தேன்.

"டீ குடிக்கலாம்னு வந்தேன்" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது இதுதான்.

அவள் ஒரு கணம் நின்றாள். "உக்காருங்கக்கா" என்று உள்ளே போனாள். நான் உட்காரவில்லை, பின்னாலேயே போனேன். அவர்கள் வீடும் எங்கள் வீடு மாதிரியேதான், இடம் வலம் மட்டும் மாறியிருக்கும். அடுப்படி வாசலில் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள், வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானாகக் காலை எடுத்து உள்ளே வைத்தேன்.

அடுப்பில் அவர்கள் டீ போடும் பாத்திரம் இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தாள். பிரித்தால் ஒரு சின்னப் பால் பாத்திரம், ஒரு எவர்சில்வர் டம்ளர். கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டிலும் அப்படியே இருந்தது.

"என்ன பிள்ள இது?"

"உங்களுக்குன்னு வாங்குனதுக்கா, இங்க குடிவந்த புதுசுல. இதுல வேற எதுவும் செஞ்சதில்ல, யாரும் வாய் வச்சதும் இல்ல. என்னைக்காவது ஒருநாள் குடிப்பியன்னு வாங்கி வச்சேன்." ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். குத்திக்காட்டும் தொனியே அதில் இல்லை.

"அப்பமே தெரியுமா உனக்கு?"

"எங்க ஊர்லயும் உள்ளதுதானக்கா."

"அது வேண்டாம். நீங்க குடிக்கிற கப்புலயே தா" என்றேன்.

"சங்கடப்பட்டுக் குடிக்காண்டாம்க்கா."

"தா பிள்ள."

அவள் தங்கள் பாத்திரத்திலேயே டீ போட்டாள். இஞ்சி தட்டிப் போட்டாள். அவர்கள் தினமும் புழங்கும் கப் ஒன்றைக் கழுவி, அதில் ஊற்றித் தந்தாள். இடது கையில் வாங்கினேன். இஞ்சி வாசனையும் பால் வாசனையும் வந்தன, வேறு ஒன்றும் இல்லை. கப்பை வாய்க்குக் கொண்டுபோனேன். உதட்டுக்குக் கொஞ்சம் கீழே என் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. மறுபடி உயர்த்துவதற்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகியிருக்காது, ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

அவள் அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் நாக்குச் சுடச்சுடக் குடித்தேன். கப்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.